கொடைக்கு வரும் 25 பேருக்கு ஒரு பானை பழ பஞ்ச்: ‘கலர்’ பாட்டிலுக்கு மாற்று வீட்டிலேயே இருக்கு!

சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், காலையில் சங்கரன்கோவில். அங்கிருந்து கிழக்கே குருவிகுளம். சித்திரை, வைகாசி என்றால் அந்தப் பக்கம் எங்காவது ஒரு கோயில் கொடை, ஒரு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம் நடந்துகொண்டேதான் இருக்கும். கரிசல் மண்ணில் பதினொரு மணி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்குள் நுழைந்த உடனே காதில் விழுவது, “பிள்ளைகளுக்குக் கலர் வாங்கிக் குடுங்கப்பா!” என்ற குரல்தான். தென்மாவட்டங்களில் ‘கலர்’ என்றால் பாட்டில் குளிர்பானம். பெரிய பாட்டில் பத்து வாங்கி, பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

இந்த முறை அதற்குப் பதிலாக, ஊரிலேயே கிடைக்கும் பழங்களை வைத்து ஒரு பெரிய பானை நிறைய பழ பஞ்ச் செய்தால் என்ன? செய்யலாம். ஆனால் நாலு பேருக்கு ஜூஸ் போடுவது வேறு, 25 பேருக்குக் கலக்கி வெயிலில் வைப்பது வேறு. ருசி கெடலாம், கவனம் தப்பினால் மறுநாள் குழந்தைகளின் வயிறும் கெடலாம். எப்படிச் செய்வது, எதில் உஷாராக இருப்பது என்று பார்ப்போம்.

‘பஞ்ச்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

பெயரைக் கேட்டால் வெள்ளைக்காரர் பானம் போலத் தெரியும். ஆனால் வேர் நம்ம பக்கம்தான் என்கிறது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஐந்து என்பதைக் குறிக்கும் ‘பஞ்ச’ என்ற சொல்லே ‘பஞ்ச்’ ஆனதாம். மது, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப் பொருள் என ஐந்து சேர்க்கை. மது வைக்கும் பீப்பாயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், இந்தச் சொல் ஆங்கிலத்தில் முதலில் பதிவானது 1632-ல், இந்தியாவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஒருவர் எழுதிய கடிதத்தில்.

மதுவை விட்டுவிட்டுப் பார்த்தால், நம்ம ஊர்க் கோயில்களில் கொடுக்கும் பானகம் என்ன? வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், தண்ணீர். எண்ணிப் பாருங்க, சரியா அஞ்சு! இனிப்பு, புளிப்பு, வாசனை மூன்றையும் தண்ணீரில் சமன் செய்வதுதான் பஞ்ச் என்றால், நாம் அதைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஏன் இந்த ஊருக்கு இது பொருத்தம்?

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில்தான் புளியங்குடி. ‘லெமன் சிட்டி’ என்று பெயர் வாங்கிய ஊர். அங்கிருக்கும் எலுமிச்சை சந்தைக்கு வரும் பழம் கேரளா வரை போகிறது. கோடையில் எலுமிச்சை விலை திடீரென எகிறுவதும் உண்டு. 2022 ஏப்ரலில் நாடு முழுக்க அது தலைப்புச் செய்தியானது. அதனால் விசேஷத்துக்கு நாலு நாள் முன்பே வாங்கி வைப்பது நல்லது. மெல்லிய தோல், கையில் எடுத்தால் கனம், இந்த இரண்டும் இருந்தால் சாறு அதிகம்.

அடுத்து பனைமரம். ஏப்ரல் முதல் ஜூன் வரை நுங்கு கிடைக்கும். தர்பூசணியும் சாத்துக்குடியும் சாலையோரத்திலேயே குவிந்திருக்கும். நன்னாரி சர்பத் பாட்டில் எந்த மளிகைக் கடையிலும் இருக்கும். வெளியூரிலிருந்து எதையும் சுமந்துகொண்டு வர வேண்டியதில்லை.

25 டம்ளருக்கு என்ன அளவு?

ஒரு டம்ளர் 200 மில்லி என்று வைத்தால் மொத்தம் 5 லிட்டர்.

• தர்பூசணி – 4 கிலோ (வடிகட்டினால் சுமார் 2 லிட்டர் சாறு)
• சாத்துக்குடி – 10 முதல் 12 (சுமார் 600 மில்லி சாறு)
• எலுமிச்சை – 15 (சுமார் 250 மில்லி சாறு)
• சீனி அல்லது பொடித்த பனங்கற்கண்டு – 200 கிராம்
• கொதித்து ஆறிய தண்ணீர் – ஒன்றே முக்கால் லிட்டர்
• நுங்கு – 10 சுளை, பொடியாக நறுக்கியது
• இஞ்சி – ஒரு விரல் நீளம், தட்டிச் சாறு எடுத்தது
• உப்பு – அரை டீஸ்பூன்
• புதினா – ஒரு கைப்பிடி

கருப்பட்டி சேர்க்கலாமா? ருசிக்குக் குறையில்லை. ஆனால் தர்பூசணியின் சிவப்பு நிறம் மங்கி, பழுப்பாகிவிடும். பிள்ளைகள் கிட்ட வர மாட்டார்கள். கருப்பட்டியைப் பானகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது எதைச் செய்ய வேண்டும்?

முந்தின நாள் ராத்திரி: 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். அதில் கால் லிட்டர் எடுத்து சீனியைக் கரைத்துப் பாகு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சீனியை நேரடியாகக் குளிர்ந்த சாற்றில் கொட்டினால் கரையாமல் அடியில் தங்கும். கடைசியில் குடிப்பவருக்குத்தான் மொத்த இனிப்பும் போகும். இன்னொரு லிட்டரை இரண்டு டிபன் பாக்ஸில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சின்னக் கட்டிகளைவிடப் பெரிய கட்டி மெதுவாகக் கரையும். பஞ்ச் சீக்கிரம் நீர்த்துப் போகாது.

காலையில்: தர்பூசணியை முழுசாக, தோலோடு நன்றாகக் கழுவிவிட்டு வெட்டுங்கள். “தோலைத்தான் தின்னப் போறதில்லையே” என்று ஆச்சி கேட்பார். மண்ணில் கிடந்த தோலில் இருக்கும் கிருமி, கத்தி வழியாக உள்ளே போகும் என்று சொல்லுங்கள். எலுமிச்சை மாதிரிப் புளிப்பு தர்பூசணியில் இல்லை. அதனால் வெட்டிய தர்பூசணியில் கிருமிகள் சுலபமாகப் பெருகும். சாறெடுத்து வடிகட்டி உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

விருந்தாளி வர அரை மணி நேரம் முன்பு: சாத்துக்குடியை இப்போதுதான் பிழிய வேண்டும். முன்கூட்டியே பிழிந்து வைத்தால், அதிலிருக்கும் லிமோனின் என்ற பொருளால் நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். எலுமிச்சையையும் கொட்டை நசுங்காமல் பிழியுங்கள். எல்லாச் சாறையும் பாகையும் மீதித் தண்ணீரையும் சேர்த்து, இஞ்சிச் சாறு, உப்பு போட்டுக் கலக்குங்கள்.

பந்தியில் வைக்கும்போது: நுங்கு, கையால் லேசாகத் தட்டிய புதினா, ஐஸ் கட்டி. சோடா பிடிக்கும் என்றால் அந்தந்த டம்ளரில் கடைசியாக ஊற்றுங்கள். பானையில் ஊற்றினால் பத்து நிமிடத்தில் கேஸ் போய்விடும்.

ஒரு சின்ன விஷயம்: சூடாகவோ வெதுவெதுப்பாகவோ இருக்கும்போது ருசி பார்த்து இனிப்பை முடிவு செய்யாதீர்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். ஒரு கரண்டி எடுத்து நன்றாகக் குளிர வைத்து, பிறகு பாருங்கள். அந்த அரை டீஸ்பூன் உப்பு கரிக்காது. கசப்பை அடக்கி, இனிப்பைத் தூக்கிக் காட்டும்.

எந்தப் பாத்திரம்?

விசேஷ வீட்டில் கைக்குக் கிடைப்பது அலுமினிய அண்டா அல்லது பித்தளைப் பானை. இரண்டும் வேண்டாம். எலுமிச்சைப் புளிப்பு உலோகத்தை அரித்துப் பானத்தில் கலக்கும். எவர்சில்வர், கண்ணாடி, புது மண்பானை ஆகியவை நல்லது. மண்பானை என்றால் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி மண்வாசம் போன பிறகு பயன்படுத்துங்கள். நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பதும் குளிரும். கரண்ட் போனாலும் கவலையில்லை.

ஐஸ்: சிக்கல் இங்கேதான்

வீட்டு ஐஸ் போதாது என்று, மீன் கடைக்கு வரும் பார் ஐஸை உடைத்துப் போடுவது பல விசேஷங்களில் நடக்கிறது. அந்த ஐஸ் குடிநீரில் செய்யப்பட்டதா என்று நமக்குத் தெரியாது. இதற்காகவே உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் உத்தரவிட்டது. நீலமாக இருந்தால் வாயில் படக்கூடாது. வெள்ளையாக இருந்தாலும், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாவிட்டால் வேண்டாம்.

ஐஸில் உறைந்த கிருமி செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. பல கிருமிகள் உறைநிலையில் தூங்கிக்கொண்டிருக்கும், கரைந்ததும் விழித்துக்கொள்ளும்.

அப்போ பார் ஐஸே வேண்டாமா? வாங்கலாம். பானைக்கு உள்ளே இல்லை, வெளியே. ஒரு பெரிய டப்பில் ஐஸைக் கொட்டி, நடுவில் மூடிய எவர்சில்வர் பாத்திரத்தை வையுங்கள். பஞ்ச் ஜில்லென்று இருக்கும், நீர்த்தும் போகாது.

நேரமும் முக்கியம். வெட்டிய பழம், சாறு போன்றவற்றை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. மே மாதத்தில் நம்ம ஊரில் 32 டிகிரி என்பது காலை வெயில். அதனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் வெளியே வைக்காமல், பாதியை ஃப்ரிட்ஜில் வைத்து, முதல் பாதி தீர்ந்த பிறகு எடுங்கள்.

தர்பூசணியில் சாய ஊசி போடுகிறார்களா?

வாட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றும் கேள்வி. 2025 கோடையில் இந்தப் பேச்சு தமிழ்நாட்டில் பெரிதாகப் பரவி, விற்பனை சரிந்து, விவசாயிகள் போராடும் அளவுக்குப் போனது. தர்பூசணியின் சிவப்பு, தக்காளியில் இருப்பது போன்ற லைகோபீன் என்ற இயற்கை நிறமி. ஊசி குத்திய பழம் அந்த ஓட்டை வழியாகச் சீக்கிரமே அழுகத் தொடங்கும், வியாபாரிக்குத்தான் நஷ்டம். எனவே பயந்து ஒதுக்க வேண்டாம். வெட்டி வைத்த துண்டை வாங்காமல், விரிசலோ ஓட்டையோ இல்லாத முழுப் பழமாக வாங்கினால் போதும்.

பழம்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமா?

இல்லை. இந்த அளவில் ஒரு டம்ளரில் பழத்தின் சர்க்கரையும் சேர்த்து ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை இருக்கும். அதே டம்ளர் கோலாவில் 20 கிராமுக்கு மேல். குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. பழத்தைச் சாறாக்கினால் அதன் சர்க்கரையையும் ‘கூடுதல்’ கணக்கில்தான் சேர்க்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர் ஒருவருக்கு அது சொல்லும் மேல்வரம்பு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

• சர்க்கரை நோய் உள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் தனியாக ஒரு ஜக் மோர் அல்லது உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர் வையுங்கள். “இது உங்களுக்கு” என்று எல்லோர் முன்னாலும் சொல்லாமல், எல்லாருக்கும் பொதுவாகவே வையுங்கள்.
• சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பழச்சாறு குடிக்க வேண்டாம். பொட்டாசியம் ஏறலாம்.
• ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சாறு தேவையில்லை. தேனும் கூடாது.
• வயிற்றுப்போக்கு இருந்தால் பஞ்ச் மருந்தாகாது. அதிலுள்ள சர்க்கரை போக்கை அதிகமாக்கக்கூடும். ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கவரில் சொல்லியிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.
• வெயிலில் நின்றவர் உளறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, எதையும் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை ஈரத்துணியால் குளிர்வித்தபடி 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று

25 பேருக்குப் பஞ்ச் என்றால் ஒரு ஆள் வேலை இல்லை. எலுமிச்சை பிழிய ஒருவர், நுங்கு தோண்ட இருவர், வடிகட்டப் பிடித்துக்கொள்ள ஒரு தம்பி என்று வீடே சேர வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருகிறவர்களுக்கு, மதினியோடும் சித்தப்பாவோடும் உட்கார்ந்து பேச அந்த அரை மணி நேரம் கிடைக்கும். கலர் பாட்டில் திறக்க யாரும் கூடி உட்காருவதில்லையே!