ஒரே தளத்தில் போட்டித் தரகர்கள்

நாளிதழுக்கும் வார இதழுக்கும் வருவாய் தரும் வழிகள் இரண்டு. ஒன்று, படிப்போர் கொடுக்கும் விலை. மற்றொன்று, வணிகர் கொடுக்கும் விளம்பரக் கட்டணம். இணையத்தளங்களை நடத்துவோர்க்கோ முன்னதை எதிர்பார்த்தல் அரிது. காசு கொடாமல் படித்துப் பழகியோரிடம் திடீரென விலை கேட்டால் அவர்கள் வேறு தளத்திற்குச் சென்றுவிடுவர். ஆதலின், செய்தித்தளமாயினும், இலக்கியத்தளமாயினும், பாடக்குறிப்புகள் தரும் தளமாயினும், அவற்றுள் பல விளம்பரத்தை நம்பியே வாழ்கின்றன. அவ்விளம்பரங்களை வணிகரிடமிருந்து திரட்டிக் கொணர்ந்து தளங்களில் இடுவோர் விளம்பரத் தரகு நிறுவனத்தார் ஆவர். ஒன்றோடொன்று போட்டியிடும் இத்தகைய நிறுவனங்கள் பலவற்றை ஒரே தளத்தில் வைக்கலாமா? வைத்தால் நன்மை யாது, தீமை யாது? இவற்றை முறையாகக் காண்போம்.

தரகர் தோன்றிய வரலாறு

1994ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் அமெரிக்காவில் ஹாட்வயர்டு என்னும் தளம் தன் பக்கங்களில் பட்டை வடிவ விளம்பரங்களை வெளியிட்டது. ஏடி அண்டு டி என்னும் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் தளத்தாரும் வணிகரும் நேரே பேசி விலை முடித்தனர். தளங்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபின் அம்முறை இயலாததாயிற்று. ஒவ்வொரு வணிகரும் ஒவ்வொரு தளத்தாரிடமும் பேசிக்கொண்டிருக்க முடியுமா? இடையில் ஒருவர் நின்று இரு சாராரையும் இணைக்க வேண்டியதாயிற்று. இவ்வாறு தோன்றியவர்களே தரகர்கள்.

2003ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் ஆட்சென்ஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பக்கத்திலுள்ள செய்தி எதனைப் பற்றியது என்று கணினியே ஆய்ந்து, அதற்கேற்ற விளம்பரத்தை இடுவது அதன் சிறப்பு. 2005ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் அதற்குப் போட்டியாக ஒரு திட்டத்தைத் தொடங்கி, 2010ஆம் ஆண்டில் மூடிவிட்டது. 2007ஆம் ஆண்டில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வலைப்பதிவர்களுக்கெனவே நஃப்னாங் என்னும் தரகு நிறுவனம் தோன்றியது.

தமிழர் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஆட்சென்ஸ் தான் ஏற்கும் மொழிகளின் பட்டியலில் இந்தியை 2014ஆம் ஆண்டிலும் தமிழை 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிலும்தான் சேர்த்தது. திட்டம் தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் வரை, பெருந்தரகர் ஒருவரின் முறையான பட்டியலில் தமிழுக்கு இடமில்லை. ஒரே தரகரை நம்பியிருப்பதன் பொருள் யாதென்பதைத் தமிழ்த் தளத்தார் பட்டறிவாலேயே அறிந்தனர் எனலாம்.

ஒருவரா, பலரா?

பல தரகரை வைப்பதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, எந்தத் தரகரும் எல்லா இடங்களையும் நிரப்புவதில்லை. இரண்டாவது, ஒவ்வொரு தரகரிடமும் வெவ்வேறு வணிகர்கள் இருப்பர். ஒருவரிடம் கோலாலம்பூர் வணிகர் மிகுதி, மற்றொருவரிடம் இலண்டன் வணிகர் மிகுதி என்பது போல. மூன்றாவது, ஒரு தரகர் தொழிலை மூடினாலும் கணக்கை முடக்கினாலும் தளம் உடனே வருவாயிழந்து நில்லாது.

முதற்காரணத்தைக் கணக்கிட்டுக் காண்போம். இங்குக் கொண்ட எண்கள் விளக்கத்திற்காகவே அமைந்தவை. இணைய விளம்பரத்தின் விலையை ஆயிரம் முறை காட்டுவதற்கு இவ்வளவு என்று கூறுவது வழக்கம். முதலாம் தரகர் ஆயிரத்துக்கு 2 வெள்ளி தருகிறார். ஆனால், 1,000 இடங்களில் 600 இடங்களையே நிரப்புகிறார். அவர் தருவது 1 வெள்ளி 20 காசு. இரண்டாம் தரகர் ஆயிரத்துக்கு 1 வெள்ளி 20 காசுதான் தருகிறார். ஆனால், 1,000 இடங்களையும் நிரப்புகிறார். அவர் தருவதும் 1 வெள்ளி 20 காசே. விலையை மட்டும் பார்ப்போர் முதல்வரே சிறந்தவர் என்பர். நிரப்பும் அளவையும் சேர்த்துப் பார்த்தால் இருவரும் சமம்.

இனி இருவரையும் சேர்த்து வைப்போம். முதல்வர் 600 இடங்களை நிரப்பட்டும். எஞ்சிய 400 இடங்களை இரண்டாமவருக்குக் கொடுப்போம். அவர் அதே விலையைத் தந்தால் 48 காசு கிடைக்கும். மொத்தம் 1 வெள்ளி 68 காசு. நடைமுறையில் எஞ்சிய இடங்களுக்கு விலை சற்றுக் குறையலாம். நல்லவற்றை முதல்வர் எடுத்துக்கொண்டிருப்பார் அல்லவா? எனினும், இருவர் சேர்ந்து தருவது ஒருவர் தருவதினும் மிகுதியாக இருப்பதே பெரும்பான்மை.

அருவி முறை

மேலே கூறியது போலத் தரகர்களை வரிசைப்படுத்தி, முதல்வர் மறுத்தால் அடுத்தவர், அவரும் மறுத்தால் அதற்கடுத்தவர் என்று இடத்தைக் கீழே அனுப்பும் முறையைத் தொழில் செய்வோர் வாட்டர்பால் என்பர். தமிழில் அருவி முறை எனலாம். நெடுங்காலம் இதுவே வழக்கில் இருந்தது.

இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. வரிசையை அமைப்பது பழைய சராசரி விலையைக் கொண்டு. ஆனால், விற்கப்படுவதோ சராசரி அன்று. ஒவ்வொரு வாசகர் பக்கத்தைத் திறக்கும்போதும் தோன்றும் ஒவ்வோர் இடம். சராசரியில் 2 வெள்ளி தரும் முதலாம் தரகர், இப்பொழுது பக்கத்தைத் திறந்த இந்த வாசகருக்கு 1 வெள்ளி வீதமே தரக்கூடும். இரண்டாம் தரகரிடமோ இவ்வாசகரையே தேடும் வணிகர் ஒருவர் 3 வெள்ளி 50 காசு வீதம் தரக் காத்திருக்கலாம். ஆயினும், வரிசையில் பின்னால் நிற்பதால் இரண்டாமவரைக் கேட்பார் இல்லை. இடம் 1 வெள்ளி வீதத்திற்குப் போய்விடும். தேர்வில் ஒரு மாணவன் எழுதிய விடையைப் பாராமல், சென்ற ஆண்டின் சராசரியைக் கொண்டே மதிப்பெண் இடுவதற்கு ஒப்பானது இது. மேலும், ஒவ்வொரு மறுப்புக்கும் சிறிது நேரம் கழிகிறது. விளம்பரம் வருமுன் வாசகர் பக்கத்தை விட்டுச் சென்றால் அவ்விடம் வீணே.

ஒரே நேர ஏலம்

இக்குறையைப் போக்க 2014, 2015ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பரவியது ஹெடர் பிட்டிங் என்னும் முறை. பக்கம் திறக்கும்போதே தரகர் அனைவரையும் ஒரே நேரத்தில் விலை கேட்பது இதன் சாரம். அவர்கள் விடை தருவதற்குத் தளத்தார் ஓர் எல்லை வகுப்பர். ஒரு நொடி, அல்லது அதனினும் குறைவு. அதற்குள் வந்த விலைகளுள் மிக உயர்ந்தது வெல்லும். இதனை நடத்துதற்கு ப்ரீபிட் என்னும் மென்பொருள் 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் மூலநிரல் எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தத்தக்கது. போட்டியாளர் தனித்தனியே வரிசையில் நிற்பதை விடுத்து ஒரே களத்தில் எதிரெதிர் நின்றது இதன் பயனே ஆகும்.

ஏலம் என்னும் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து நம்மிடம் வந்தது என்பர். ஏலத்தின் வகைகளோ பல. அவற்றுள் இரண்டு இங்கு வேண்டுவன. வென்றவர் தாம் கேட்ட விலையையே கொடுப்பது முதல்விலை ஏலம். வென்றவர் தமக்கு அடுத்தவர் கேட்ட விலையைக் கொடுப்பது இரண்டாம்விலை ஏலம். பின்னதன் இயல்பை 1961ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதியவர் வில்லியம் விக்ரே. அவர் 1996ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இரண்டாம்விலை ஏலத்தில் ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள உண்மையான மதிப்பைக் கூறுவதே தமக்கு நன்மை. விலையை ஒளிக்க வேண்டுவதில்லை.

இணைய விளம்பரச் சந்தைகள் தொடக்கத்தில் இரண்டாம்விலை ஏலத்தையே பெரிதும் கையாண்டன. பல தரகர் ஒரே தளத்தில் கூடியபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு தரகரின் சந்தையில் இரு வணிகர் 5 வெள்ளியும் 2 வெள்ளியும் கேட்கின்றனர் என்க. இரண்டாம்விலை முறைப்படி அத்தரகர் தளத்தாரிடம் கூறும் விலை 2 வெள்ளி. மற்றொரு தரகரின் சந்தையில் 4 வெள்ளியும் 3 வெள்ளியும் கேட்கின்றனர். அவர் கூறும் விலை 3 வெள்ளி. தளத்தார் 3 வெள்ளியை ஏற்பர். 5 வெள்ளி தர இசைந்தவர் தோற்றார். 4 வெள்ளி தர இசைந்தவர் வென்றார். ஏலத்திற்குள் ஏலம் வைத்ததன் விளைவு இது. ஆதலின் சந்தைகள் ஒவ்வொன்றாக முதல்விலை ஏலத்திற்கு மாறின. கூகிளின் விளம்பரச் சந்தையும் 2019ஆம் ஆண்டில் மாறியது.

கூட்டத்தால் வரும் தீமைகள்

தரகர் பெருகப் பெருக வருவாயும் பெருகிக்கொண்டே செல்லும் என்று எண்ணுதல் தவறு. ஒவ்வொரு தரகரின் நிரலும் வாசகரின் கைப்பேசியில் இயங்க வேண்டும். பக்கம் திறக்கக் காலம் நீளும். ஒரே வணிகர் நான்கு தரகர் வழியே வந்து தம்மோடு தாமே போட்டியிடுவதும் உண்டு; அங்குப் புதிய பணம் ஏதும் வருவதில்லை. வாசகரைப் பற்றிய குறிப்புகள் பலர் கைக்குச் செல்கின்றன. தகாத விளம்பரம் நுழைந்தால், அது யார் வழியே வந்தது என்று கண்டுபிடிப்பதும் கடினமாகும்.

இடைநிற்போர் பலராவதால் பணமும் வழியிலே கரைகிறது. பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கம் பிடபிள்யூசி தணிக்கை நிறுவனத்தைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. விளம்பரதாரர் செலவிட்டதில் 51 விழுக்காடே தளத்தாரை அடைந்தது; 15 விழுக்காடு எங்குச் சென்றதென்று கணக்குக் காட்ட இயலவில்லை.

போலிகளும் புகுந்தனர். தம் அற்பத் தளத்தைப் புகழ்பெற்ற நாளிதழின் தளமென்று கூறி இடத்தை விற்றோர் பலர். இதனைத் தடுக்க 2017ஆம் ஆண்டில் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி என்னும் முறை வகுக்கப்பட்டது. தம் இடத்தை விற்க உரிமை பெற்ற தரகர் இன்னின்னார் என்று தளத்தார் தம் தளத்திலேயே ஒரு சிறு கோப்பில் எழுதி வைப்பர். அதனை எவரும் படிக்கலாம். அப்பட்டியலில் இல்லாதவரிடம் வாங்க வணிகர் மறுப்பர். பல தரகரை வைப்போர் இக்கோப்பைப் பிழையின்றி வைத்திருத்தல் இன்றியமையாதது. ஓர் எண் பிழைபட்டாலும் அத்தரகரின் வருவாய் நின்றுபோகக்கூடும்.

நடுவரே போட்டியாளர் ஆனால்?

ஏலம் எத்துணை நேர்மையாக வகுக்கப்பட்டாலும், அதனை நடத்துவோர் தாமும் அதில் விலை கேட்பவராயின் ஐயம் எழும். கூகிள் நிறுவனம் தளத்தாரின் இடங்களை நிர்வகிக்கும் கருவியையும், ஏலம் நடக்கும் சந்தையையும், வணிகர் விலை கேட்கும் கருவியையும் ஒருங்கே வைத்திருந்தது. டபிள்கிளிக் நிறுவனத்தை வாங்கும் பணியை 2008ஆம் ஆண்டில் முடித்ததே இவ்வலிமைக்கு அடித்தளமாயிற்று. பிற தரகர் கூறிய விலையை அறிந்தபின் தன் விலையைக் கூறும் வாய்ப்பும் 2019ஆம் ஆண்டு வரை அதன் சந்தைக்கு இருந்தது.

2023ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் வர்ஜீனியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி லியோனி பிரிங்கெமா தீர்ப்பளித்தார். தளத்தாருக்கான கருவி, ஏலச் சந்தை ஆகிய இரண்டிலும் அந்நிறுவனம் சட்டத்திற்கு மாறாகத் தனியுரிமை கொண்டதென்றும், ஒன்றை மற்றொன்றோடு பிணைத்ததென்றும் அவர் கண்டார். வணிகருக்கான விளம்பர வலையங்களைப் பற்றிய குற்றச்சாட்டை ஏற்கவில்லை. நிறுவனம் மேல்முறையீடு செய்யப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் 295 கோடி யூரோ தண்டம் விதித்தது. பலரைப் போட்டியிட வைத்தால் மட்டும் போதாது. போட்டியை நடத்துவோர் யார் என்பதையும் நோக்க வேண்டும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

சிறு தளத்தார் செய்யத்தக்கவை

முதலில், ஒவ்வொரு தரகரின் விதிகளையும் படித்தறிதல் வேண்டும். ஆட்சென்ஸ் தன் தொடக்க ஆண்டுகளில், அதே வகையான பிறர் விளம்பரத்தைத் தன் விளம்பரம் உள்ள பக்கத்தில் வைக்கத் தடை விதித்திருந்தது. பின்னர் அதனைத் தளர்த்தியது. தனியுரிமை கேட்கும் தரகரும் உளர். கையெழுத்திட்டபின் விதியைப் படிப்பது பயன் தராது.

இரண்டாவது, இரண்டு தரகரோடு தொடங்கி, ஆய்ந்த பின்னரே மூன்றாமவரைச் சேர்த்தல் நன்று. சென்ற மாதத்தையும் இம்மாதத்தையும் ஒப்பிட்டு முடிவு கட்டலாகாது. ஆண்டின் இறுதித் திங்களில் விளம்பர விலை உயரும், ஜனவரியில் தாழும். வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இரு வகுப்புகளை ஒப்பிட்டது போல் ஆகிவிடும். ஒரே காலத்தில் வாசகருள் பாதிப்பேருக்குப் பழைய அமைப்பையும், பாதிப்பேருக்குப் புதிய அமைப்பையும் காட்டி, ஆயிரம் பார்வைக்குக் கிடைத்த மொத்த வருவாயை ஒப்பிடுவதே முறை.

மூன்றாவது, தரகர் பலரானாலும் விளம்பரங்கள் பலவாதல் கூடாது. ஓர் இடத்திற்கு ஐவர் போட்டியிடலாம். ஐவருக்கும் ஐந்து இடம் கொடுத்தால் கட்டுரை எங்கே என்று வாசகர் தேடுவர். கைப்பேசித் திரையில் கட்டுரைப் பகுதியின் உயரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் விளம்பரம் இருத்தலாகாது என்று நல்ல விளம்பரங்களுக்கான கூட்டமைப்பு வரையறுத்துள்ளது. அத்தகைய வரையறைகளைத் தொடர்ந்து மீறும் தளங்களின் விளம்பரங்களை 2018ஆம் ஆண்டு முதல் குரோம் உலாவி தடுத்து வருகிறது.

தமிழ்த் தளங்களுக்கு வாசகர் தொகை பெரிதன்று. அவர்கள் மலேசியா, சிங்கப்பூர், தமிழ்நாடு, இலங்கை, ஐரோப்பா எனப் பல நாடுகளில் பரவி உள்ளனர். எந்த ஒரு தரகரும் இந்நாடுகள் அனைத்திலும் வலுவுடையவராக இருப்பது அரிது. ஆகவே, ஆங்கிலத் தளத்தாரினும் தமிழ்த் தளத்தாருக்கே பல தரகரின் துணை மிகுதியாக வேண்டும். அதேபோல, சில ஆயிரம் வாசகரே உள்ள தளத்திற்கு ஒவ்வொரு வாசகரும் அரியவர். பக்கம் திறக்கக் காத்திருந்து சலித்து ஒருவர் அகன்றால், அவ்விழப்பை எந்தத் தரகரின் கணக்கிலும் காண முடியாது. தரகரைச் சேர்க்கும்போது வரும் காசுகளை எண்ணுவோர், திரும்பி வாராத வாசகரையும் உடன் எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.