ஷார்ட்டைக் காட்டிக்கொடுக்கும் திசைகாட்டி

பழைய அம்பாசடர் ஒன்றில் டிக்கிப் பக்கத்து விளக்குக்குப் போகும் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. புது பியூஸ் போட்டு சுவிட்சைத் தட்டினால் அதுவும் உடனே போய்விடுகிறது. ஒயரோ முன்னாலிருந்து பின்னால்வரை கம்பளத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மறைந்து ஓடுகிறது. எதைப் பிரிப்பது?

காரில் பெரும்பாலும் விளக்குக்கு ஒரு ஒயர்தான் போகிறது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை இரும்பு பாடியே. அதனால் தகட்டு ஓட்டையில் இருந்த ரப்பர் புஷ் காய்ந்து உதிர்ந்து, ஒயரின் உறை கொஞ்சம் தேய்ந்தாலே போதும். மின்சாரம் பல்புவரை போகாமல் அங்கேயே பாடிக்குள் இறங்கிவிடும்.

பியூஸ் இருந்த இடத்தில் 60 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைப்பது எலெக்ட்ரீஷியன்களின் பழைய உத்தி. 12 வோல்ட்டில் அது எரியும்போது சுமார் 5 ஆம்பியர்தான் ஓடும், ஒயர் உருகாது. ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். ஒயரை அங்கங்கே அசைக்கும்போது அது அணைந்தால், தேடிய இடம் பக்கத்தில்தான்.

கை எட்டாத இடத்தில் என்ன செய்வது? மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புவதை 1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் கண்டார். அதுவே இங்கு உதவுகிறது. 5 ஆம்பியர் ஓடும் கம்பியிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி எழும் காந்தப்புலம் சுமார் 50 மைக்ரோடெஸ்லா. ஊசியை வடக்கே இழுத்துப் பிடிக்கும் பூமியின் புலத்துக்கு அது சளைத்ததல்ல! காரை வடக்கு தெற்காக நிறுத்தி, பல்பின் இணைப்பை விட்டுவிட்டுத் தொட்டபடி, கம்பளத்தின் மேல் திசைகாட்டியை நகர்த்தினால் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஊசி துள்ளும். இரும்புத் தகடு ஊசியைக் கொஞ்சம் திசை மாற்றத்தான் செய்யும். ஆனால் நாம் பார்ப்பது திசையை அல்ல, துள்ளலை. ஷார்ட்டைத் தாண்டிய ஒயரில் மின்சாரம் இல்லை, ஊசியும் அசையாது.

வீட்டு ஒயரிங்கில் இது எளிதில் பலிக்காது. போகும் ஒயரும் திரும்பும் ஒயரும் ஒட்டியே ஓடுவதால் ஒன்றின் புலத்தை மற்றொன்று அழித்துவிடும். காரில் திரும்பும் மின்சாரம் பாடி முழுக்கப் பரவிவிடுவதால் ஒயரின் புலம் மிஞ்சுகிறது. எந்த ஏற்பாடு ஷார்ட்டுக்கு வழி விட்டதோ, அதுவே ஷார்ட்டைக் காட்டியும் கொடுக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஊசி அடங்கிய இடத்தில் கம்பளத்தைத் தூக்கினால் பெரும்பாலும் தகட்டு விளிம்பு ஒன்று இருக்கும். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் அதே விளிம்பு அதையும் அறுக்கும். ஓட்டைக்குப் புது ரப்பர் புஷ் போட வேண்டும்.