தண்ணீருக்கு ஓர் இருக்கை

பொன்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். நெல்லைக் குதிரில் கொட்டி மூடுகிறோம். ஊறுகாயைக்கூட ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறோம். ஆனால் இவையனைத்துக்கும் மூலமான தண்ணீரை எங்கே, எவ்விதம் சேமித்து வைப்பது என்பதைப்பற்றி மட்டும் நம்மில் அநேகர் யோசிப்பதே இல்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வரவேண்டும். வராவிட்டால் அதிகாரிகளை வையவேண்டும். தண்ணீரைப்பற்றிய நமது சிந்தனை பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது.

காலையில் வாசல் தெளித்துக் கோலமிடுவது முதல் இரவில் பாத்திரம் துலக்கிக் கவிழ்ப்பது வரையில் இல்லத்தின் காரியங்களில் தண்ணீரின்றி நடப்பது எது? காஞ்சிப் பட்டு உலகப் பிரசித்தமானது. ஆயினும் பட்டு நூலின் பசையை நீக்கிச் சாயம் ஏற்றுவதற்குத் தண்ணீர் இல்லையென்றால், அந்தப் பட்டும் இல்லை; அதை நம்பிய தறியும் இல்லை. தண்ணீர் அவசியமானது என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை நம்மிடத்தில் தங்கச் செய்வது எப்படி என்பதே இப்போது கேள்வி.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரையில், உத்திரமேரூர் செல்லும் வழியில் ஓரிக்கை என்னும் ஊர் இருக்கிறது. அதன் பெயருக்கு வைஷ்ணவர்கள் ஒரு கதை கூறுவார்கள். மன்னனின் கோபத்துக்கு ஆளான கணிகண்ணன் என்னும் பக்தன் காஞ்சியைவிட்டு வெளியேறினான். அவனுடைய குருவாகிய திருமழிசையாழ்வாரும் அவனுடன் புறப்பட்டார். ஆழ்வார் சொன்னார் என்பதற்காகப் பெருமாளும் தமது பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் "ஓரிரவிருக்கை" ஆகி, பிறகு ஓரிக்கை என்று மருவிற்றாம். மன்னன் வந்து மன்னிப்புக் கேட்ட பிறகே அவர்கள் காஞ்சிக்குத் திரும்பினார்கள் என்று கதை முடிகிறது.

ஓரிக்கையின் ஓரமாய்ச் செல்லும் பாலாற்று வெள்ளமும் அப்படிப்பட்ட விருந்தாளிதான். நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, சுமார் 348 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கும் நதி இது. வருஷத்தில் பெரும் பகுதி மணலாய்க் கிடக்கும். 2021 நவம்பரில் கரை கொள்ளாத வெள்ளமாய்ப் பெருகி வந்தது, கண்டவர்கள் வியந்தார்கள், வெள்ளம் கடலைச் சேர்ந்தது. ஓர் இரவு தங்கிச் செல்லும் விருந்தாளியைப் பல மாதம் தங்க வைக்கும் வித்தையை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அந்த வித்தையில் மூன்று படிகள் உண்டு: மணல், ஏரி, கணக்கு.

முதலில் மணலைப் பார்ப்போம். பாலாற்றில் மேலே தண்ணீர் தெரியாத நாட்களிலும் மணலுக்கடியில் ஈரம் மெள்ள நகர்ந்துகொண்டேயிருக்கும். அக்காலத்துக் குடியானவர்கள் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, அந்த நீரை வயலுக்குக் கொண்டு போனார்கள். காஞ்சி நகரத்துக்குக் குடிநீர் தரும் கிணறுகளிற் சில இன்றும் ஓரிக்கையருகே பாலாற்றுப் படுகையில்தான் உள்ளன. ஆகவே ஆற்று மணல் என்பது வீடு கட்டும் சரக்கு மட்டுமன்று. அது நமது தண்ணீர்க் குடம். மணலை வரம்பின்றி அள்ளுகிறவன் குடத்தையே உடைக்கிறான்.

இரண்டாவது ஏரி. பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரிகளின் ஜில்லா என்றே பெயர். இங்கே ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீட்டர். இது குறைவன்று, ஆனால் அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மீதி மாதங்களுக்கு ஏரிதான் கதி. வரத்துக்கால் வழியாய் நீர் வந்து சேரும். மதகின் வழியாய் ஆயக்கட்டுக்குப் போகும். மிகுந்தது கலிங்கல் வழியாய் அடுத்த ஏரிக்குச் செல்லும். ஓர் ஊரின் மிச்சம் அடுத்த ஊரின் வரவாகும். நடுவில் ஒரு வரத்துக்காலை ஒருவர் ஆக்கிரமித்தாலும் கீழேயுள்ள ஊர்கள் வறண்டு போகும்.

இங்கே நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடக்கூடிய ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 12 லக்ஷத்து 33 ஆயிரம் லிட்டர். கிராமத்தில் ஆள் ஒன்றுக்குத் தினம் 55 லிட்டர் என்பது 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அவ்வளவில் வகுத்துப் பார்த்தால், அந்த நீர் சுமார் 60 பேருக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். அதாவது, ஏரியில் ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி வண்டல் படிந்தால், ஒரு முறை நிரம்பும்போது அறுபது பேருடைய ஓராண்டுத் தண்ணீருக்கு இடமில்லாமற் போகிறது. தூர் வாராமல் விட்ட ஏரியைக் கண்டு, "நிரம்பிவிட்டது" என்று நாம் மகிழ்கிறோம். நிரம்பியிருப்பதில் பாதி சேறு என்பதை எண்ணுவதில்லை!

மூன்றாவதான கணக்குக்கு, பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூருக்குப் போக வேண்டும். அவ்வூர் ஏரிக்கு வயிரமேக தடாகம் என்பது பல்லவர் காலத்துப் பெயர். அங்குள்ள கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. குடவோலைத் தேர்தலைப்பற்றிப் பேசும்போதெல்லாம் இவற்றைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்துத் தெரிந்தெடுத்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு உரியவர்கள். அவர்களுடைய பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது! ஏரியின் கரையைக் காட்டிலும் கணக்கின் கரை உறுதியாய் இருக்கவேண்டும் என்று அவர்கள் கருதினார்கள் போலும்.

பழமையெல்லாம் பொன் என்று நாம் சொல்லவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அந்தக் குடத்தில் இடமிருந்தது. ஏரி மண்ணைச் சுமந்தவர்களுக்கோ, தண்ணீர்க் குடத்தைச் சுமந்த பெண்களுக்கோ அதில் இடமில்லை. பின்னர் ஆங்கில ஆட்சியில், குடிமராமத்து வேலைக்கு ஜனங்களைக் கட்டாயப்படுத்த 1858-ல் ஒரு சட்டம் செய்தார்கள். உடலுழைப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டுமா? ஏரி ஊராரின் உடைமை என்ற உணர்ச்சி போய், சர்க்காரின் உடைமை என்ற எண்ணம் வலுத்தது. சுதந்திரம் வந்த பின்னும் அந்த எண்ணம் நம்மை விட்டுப் போகவில்லை. 2017 மார்ச் மாதத்தில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழம் பெயரில் ஏரி, குளங்களைச் சீர்படுத்தும் திட்டத்தை இதே வட்டாரத்தைச் சேர்ந்த மணிமங்கலத்தில் தொடங்கிற்று. பெயர் திரும்பி வந்தது நல்லதே. அந்தப் பெயரின் முதற் பாதியாகிய "குடி"யும் திரும்பி வரவேண்டும் அல்லவா?

அதற்கு இன்று வழியில்லாமலில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பதவிகளில் பாதி இப்போது பெண்களுக்கு உரியது. மார்ச் 22-ஆம் தேதி, உலகத் தண்ணீர்த் தினத்தன்று, கிராம சபை கூடுவது 2022 முதல் ஏற்பட்டிருக்கிறது. குடம் சுமக்கும் தாய்மார்களே அந்தச் சபையில் எழுந்து நான்கு கேள்விகள் கேட்கலாம். நமது ஏரியின் பரப்பு எவ்வளவு? கடைசியாகத் தூர் வாரியது எப்போது? வரத்துக்காலை அடைத்திருப்பவர் யார்? செலவழித்த பணத்துக்குக் கணக்கு எங்கே? விடை கிடைக்கும் வரையில் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.

வீட்டிலும் கடமை உண்டு. மழைநீர்ச் சேகரிப்பை 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். 500 சதுர அடிக் கூரைமீது ஓராண்டில் பெய்யும் மழை சுமார் 55,000 லிட்டர். சேதாரம் போகப் பாதியே நிலத்துக்குள் இறங்கினாலும் அது சிறு தொகையன்று. ஆனால் அன்று தோண்டிய குழிகளிற் பல இன்று குப்பையால் தூர்ந்து கிடக்கின்றன. ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைச் செலவிட்டால், மொட்டை மாடியைப் பெருக்கி, குழாயைத் துலக்கி, குழியைச் சுத்தம் செய்துவிடலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் நீர்ச் சுழற்சியைப்பற்றிப் படிப்பதைவிட அது நன்றாய் மனத்தில் பதியும்.

பெருமாளை அழைக்க ஓர் ஆழ்வாரின் சொல் போதுமாயிருந்தது. தண்ணீர் அவ்வளவு எளிதில் சொன்னபடி கேட்காது. மணலை விட்டுவைத்து, ஏரியை ஆழப்படுத்தி, கணக்கை நேர்மையாய் வைத்திருக்கும் ஊரில்தான் அது தங்கும்.