பசியாறும் முன் விலை கேளுங்கள்

“பசியாறிட்டீங்களா?” கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் காலை நேரத்தில் காதில் விழும் முதல் கேள்வி இதுதான். தமிழ்நாட்டுக்காரர்கள் ‘டிபன் ஆச்சா’ என்று கேட்பதை நாங்கள் இப்படிக் கேட்போம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமலே 30 நாள் மலேசியாவில் தங்கலாம் என்றானதும், ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் உறவினர் வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து இறங்குபவர்கள் கூடிவிட்டார்கள். இந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வருபவர்களுக்கு முதல் இரண்டு நாள் விருந்து. மூன்றாம் நாளிலிருந்து கைக்காசு.

சென்ற ஆண்டு வந்த என் மச்சானும் அப்படித்தான். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகும் வழியில், “இன்னிக்குச் சாப்பாடு என் செலவு” என்று ஓர் ஆற்றோரக் கடல் உணவுக் கடைக்குள் எங்களை அழைத்துப் போனார். பலகையில் நண்டு 9 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்) என்றிருந்தது. ‘100 கிராமுக்கு’ என்று கீழே பொடியாக எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்த நானும் சொல்லவில்லை. விருந்துக்கு அழைத்தவரிடம் விலைப்பேச்சு எடுப்பானேன் என்ற கூச்சம். இரண்டு நண்டும் சேர்ந்து 1 கிலோ 200 கிராம். நண்டுக்கு மட்டும் 108 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு இருபது ரூபாய் என்று வைத்தாலும் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. நாங்கள் கேட்காமலே மேசைக்கு வந்த வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் தனி விலை. படகில் எல்லோரும் மரத்து மின்மினிகளைப் பார்த்துக்கொண்டிருக்க, மச்சான் மட்டும் கைப்பேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் ஏமாற்றினாரா? இல்லை. அளவும் விலையும் பலகையில் இருந்தன. ஏமாந்தது எங்கள் கூச்சத்தால். இந்த வட்டாரத்தில் வெளியூர்க்காரர்கள் அதிகமாகப் பணம் விடுவது மோசடிக் கடைகளில் என்று நான் நினைக்கவில்லை. உறவினர் முன் விலை கேட்டால் கௌரவம் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்ளும் இடங்களில்தான் விடுகிறார்கள்.

சட்டத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. மலேசியாவில் உணவுக்கடை தன் விலையை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும். பட்டியலாகவோ பலகையாகவோ இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் இருக்கக்கூடாது. விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் 2011இன் கீழ் இதைக் கண்காணிப்பது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு. மலாய்ப் பெயர்ச் சுருக்கத்தில் கேபிடிஎன் என்றால் எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விலை அதிகம் என்பது மட்டும் குற்றமாகாது. ஒரு கடை தேநீருக்கு 5 வெள்ளி என்று எழுதிவைத்து 5 வெள்ளி வாங்கினால், அது உங்கள் விருப்பம், அவர் விருப்பம். எழுதாமல் வாங்கினாலோ எழுதியதற்கு மேல் வாங்கினாலோ புகாருக்கு இடமுண்டு. நியாயமில்லாத அளவுக்கு இலாபம் வைத்தது நிரூபணமானால் தனி ஆளுக்கு 1 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.

பாசிர் பெனாம்பாங், ஜெராம், செகிஞ்சான் பக்கம் மீன், இறால், நண்டு எல்லாம் எடைக்கணக்குதான். சில கடைகள் ‘சந்தை விலை’ என்று மட்டும் போட்டிருக்கும். அன்றைய கிலோ விலை என்ன என்று கேளுங்கள். சமைப்பதற்கு முன் உங்கள் எதிரிலேயே நிறுக்கச் சொல்லுங்கள். “திம்பாங் டூலு” என்ற இரண்டு மலாய்ச் சொற்கள் போதும். முதலில் நிறுங்கள் என்று பொருள். தராசு ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட வேண்டும், அதற்கான ஒட்டுவில்லை அதன்மேல் இருக்க வேண்டும். சமையல் கூலி தனியா என்றும் கேட்டுவிடுங்கள். வேண்டாத கடலையையும் ஈரத் துண்டையும் தொடாமல் திருப்பிக் கொடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஊடாங் காலா எனப்படும் ஆற்று இறாலின் நீண்ட நீலக் கால்களைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் ஒன்றின் எடையைப் பார்ப்பது நல்லது.

செலவு குறைய நன்றாகச் சாப்பிட வேண்டுமானால், ஆற்றோரத்தை விட்டுத் தோட்டப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு வந்துவிடுங்கள். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா. கடைசி ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரால் சொல்பவர்கள் இன்றும் நிறைய. இங்கே கித்தா என்ற ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகள் பலவும் காலியாகிவிட்டன. ஆனால் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போவதற்கு முன் பசியாறிய காலத்துச் சாப்பாடு கடைத்தெருவில் அப்படியே இருக்கிறது. காலையில் தோசை, இடியப்பம், வடை. இடியப்பத்தை மலாய்க்காரர்கள் புத்து மாயாம் என்பார்கள். தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து மோட்டார் சைக்கிளிலேயே விற்று வருவார்கள். ஒன்றரை, இரண்டு வெள்ளிக்கு ஒரு ரொட்டி சானாய் பல கடைகளில் கிடைக்கும், கூடவே பருப்புக்குழம்பு. மதியம் வாழையிலைச் சாப்பாட்டில் சோறு, காய்கறி, ரசம், மோர் மறுபடி மறுபடி வரும். மீனுக்கும் ஆட்டிறைச்சிக்கும் மட்டும் தனிக் காசு.

கவனம் வேண்டியது, கறிகளை வரிசையாக வைத்திருக்கும் நாசி சம்பூர் கடையிலும் நாசி கண்டார் கடையிலும். தட்டைப் பார்த்து ஒருவர் கண்ணளவில் துண்டுச்சீட்டில் தொகை எழுதுவார். கணவாயும் மீன்முட்டையும் பெரிய இறாலும் தட்டில் விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை. கரண்டி தூக்குவதற்கு முன் கேளுங்கள். தொகை ஒவ்வவில்லை என்றால், கைவைக்கும் முன்பே எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லலாம்.

சில கடைகளில் ‘மெனு ரஹ்மா’ என்ற அறிவிப்பைப் பார்ப்பீர்கள். 2023 ஜனவரி 31 அன்று அப்போதைய அமைச்சர் சலாஹுடின் அயூப் தொடங்கிவைத்த திட்டம். 5 வெள்ளிக்குள் சோறும் ஒரு கறியும் காய்கறியும். கடைக்காரர்கள் விரும்பிச் சேர்வது. யாரும் அடையாள அட்டை கேட்கப்போவதில்லை. ஆனாலும் அது இங்குள்ள ஏழைகளின் வயிற்றுக்காக வந்தது. விமான டிக்கெட் வாங்க முடிந்தவர் அந்தத் தட்டை அவர்களுக்கு விட்டுவிடலாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு சேதி. இங்கே ‘சாயோர்’ என்றால் காய்கறி. சைவம் என்று பொருளல்ல. கங்கோங் கீரையை பெலாச்சான் என்ற இறால் விழுதில் வதக்கியிருப்பார்கள். நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி இருக்கும். ‘டாகிங்’ என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. “பெலாச்சான், ஊடாங் (இறால்), ஈக்கான் (மீன்) வேண்டாம்” என்று பெயர் சொல்லிக் கேட்பதுதான் பாதுகாப்பு. சைவம் என்று பலகை போட்டு அசைவத்தைக் கலந்து விற்பது வணிக விவரிப்புச் சட்டம் 2011இன்படி பொய்யான விவரிப்பு. அதுவும் கேபிடிஎன் பார்வைக்கு உரியதுதான்.

குடிக்க வெந்நீர் கேட்டால் ‘ஆயேர் சுவாம்’ என்று வரும். அதற்கும் சில காசுகள் பிடிப்பார்கள், அந்த விலையும் பட்டியலில் இருக்க வேண்டும். தே தாரேக் கெட்டிப்பாலில் ஆற்றுவது. சர்க்கரை நோய் இருந்தால் ‘தே ஓ கோசோங்’, பாலும் சீனியும் இல்லாத தேநீர். பெரிய உணவகத்தில் 6 விழுக்காடு சேவை வரி போடுவார்கள். ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய உணவகம்தான் அதற்குப் பதிய வேண்டும்; சாலையோர ஒட்டுக்கடைச் சீட்டில் வரி என்றிருந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

இனி வயிறு. இந்தக் கடலோரத்தில் கேராங் எனப்படும் இரத்தச் சிப்பியை அரைவேக்காட்டில் தின்பது பலருக்குப் பிரியம். பச்சை வாடை போகாத சிப்பி மஞ்சள் காமாலைக் கிருமி உட்படப் பலவற்றைக் கொண்டுவரும். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். சிப்பியில் சில சமயம் சேரும் பாசி நஞ்சு சாகாது. 2024 ஏப்ரலில், இங்கிருந்து தெற்கே போர்ட்டிக்சன் பக்கம் பிடித்த கூப்பாங் சிப்பி தின்று 8 பேர் நஞ்சேறி நோயுற்றதும், அங்கே சிப்பி வாங்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். சிப்பி தின்ற சில மணி நேரத்தில் உதடும் விரல்நுனியும் மரத்துப்போனால் அது வெறும் வயிற்றுக்கோளாறு அல்ல. 999க்கு அழைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். இந்த வட்டாரத்தின் அரசு மருத்துவமனை தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. பயணக் காப்பீட்டுத் தாள் கையில் இருக்கட்டும்.

உணவு நஞ்சாதல் மலேசியாவில் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே, எப்போது என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதை வைத்துத்தான் மாவட்டச் சுகாதார அலுவலகம் கடையைச் சோதிக்கும். அசுத்தம் என்று கண்டால் உணவுச் சட்டம் 1983இன்படி 14 நாள் வரை மூட முடியும். சமைப்பவர்கள் டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். தூய்மைத் தரத்தைக் காட்டும் நகராண்மைக் கழகத்தின் ஏ, பி, சி அட்டையைக் கடைச் சுவரில் தேடிப் பாருங்கள்.

மலிவு என்று தொடக்கூடாதது ஒன்று, பெயர் தெரியாத சாராயம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். தோட்டங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடும்பங்களைத் தின்ற கதை அதற்கும் பழையது.

ஊரிலிருந்து சாப்பாடு கட்டி வருபவர்கள் பொடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழம், காய், இலை, இறைச்சி, முட்டை, பால் பொருள்களை அனுமதிச்சீட்டு இல்லாமல் கொண்டுவந்தால் 2011ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சோதனைச் சட்டப்படி 1 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 6 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. பெட்டியில் ஒரு கட்டு கறிவேப்பிலை வைக்காத தமிழ்த்தாய் உண்டா? ஆனால் இங்கே தோட்டத்து வீட்டு வாசலில் கறிவேப்பிலை மரமாகவே நிற்கிறது. பிறகு, புக்கிட் மலாவத்தி குன்றில் கையில் பொட்டலத்தோடு நடக்க வேண்டாம். குரங்கு பறித்துக்கொண்டால் எந்தச் சட்டத்திலும் நிவாரணம் இல்லை.

மனிதர் பறித்துக்கொண்டால் உண்டு. தமிழ்நாட்டில் நுகர்வோர் என்பதை இங்கே பயனீட்டாளர் என்போம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 குடியுரிமை கேட்பதில்லை. காசு கொடுத்துச் சாப்பிட்ட நீங்களும் பயனீட்டாளர்தான். முதலில் கடையிலேயே நிதானமாகக் கேளுங்கள். பாதிப் பிணக்கு அங்கேயே தீரும். விலைப்பலகையைப் படம் எடுங்கள், ரசீது வாங்குங்கள், கடையின் பெயர், முகவரி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கேபிடிஎன் தொலைபேசி எண் 1-800-886-800. இணையவழிப் புகாரும் உண்டு. பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் பயனீட்டாளர் தீர்ப்பாயம்: மனுக்கட்டணம் 5 வெள்ளி, 50 ஆயிரம் வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ஆனால் 40 வெள்ளி வித்தியாசத்துக்காக விசாரணை நாளில் திருச்சியிலிருந்து மறுபடி விமானம் ஏறுபவர் யாரும் இல்லை. அதனால் பயணிக்கு என் சிபாரிசு கேபிடிஎன்தான். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அதிகாரி அந்தக் கடைக்குப் போய்ப் பலகையில் விலை இருக்கிறதா என்று பார்க்க முடியும்.