உப்பும் இருதயமும்

இருதயத்தைக் காக்கும் முயற்சி சமையலறையிலேயே தொடங்கலாம் என்பதை 2021-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி மெய்ப்பித்துள்ளது. உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறும். அதனால் இருதயமும் மூளையும் கேடுறும்.

சீன நாட்டின் 600 கிராமங்களில், முன்பு பக்கவாதம் கண்டோரும் இரத்த அழுத்த நோயுள்ள முதியோருமாகச் சுமார் 21,000 பேர் இதில் பங்கு கொண்டனர். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பே பயன்பட்டது; மற்றவற்றில் நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு வழங்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில், கலப்பு உப்பை உண்டோரிடையே பக்கவாதம் நூற்றுக்கு 14 வீதமும், மரணம் 12 வீதமும் குறைவாக இருந்தன.

சிறுநீரக நோயுள்ளோருக்குப் பொட்டாசியம் தீங்கு விளைக்கக்கூடும். ஆதலின் மருத்துவரைக் கேளாமல் இவ்வுப்பைக் கொள்ளலாகாது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றைக் குறைத்தலோ யாவர்க்கும் எளிது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.