ஆயிரம் பேர், நாலாயிரம் மணி
திரைக்குள் ஒரு பிழைப்பு – 9

2018 ஜனவரி நடுவில் யூடியூப் ஓர் அறிவிப்பு விட்டது. இனி விளம்பரக் காசில் பங்கு வேண்டுமென்றால் சேனலுக்கு 1,000 சப்ஸ்கிரைபர்கள் இருக்கவேண்டும். கடந்த 12 மாதங்களில் மக்கள் அந்தச் சேனலை 4,000 மணி நேரம் பார்த்திருக்கவும் வேண்டும். பிப்ரவரி 20 முதல் அமல். அதற்கு முன்பு இருந்த வரம்பு, மொத்தமாகப் 10,000 பார்வைகள். அதுவும் 2017 ஏப்ரலில் வந்ததுதான். அதற்கும் முன்னால் கதவு ஏறக்குறைய திறந்தே கிடந்தது.

புதிய விதியால் வெளியே நிற்கப்போகிறவர்களில் நூற்றுக்கு 99 பேர் கடந்த ஓராண்டில் 100 டாலர்கூட எடுக்காதவர்கள் என்று அந்த அறிவிப்பே சொன்னது. 90 பேர் முந்தைய மாதம் எடுத்தது இரண்டரை டாலருக்கும் கீழே. ‘அப்படி என்ன பெரிய நஷ்டம் உங்களுக்கு?’ என்று கேட்காமல் கேட்ட மாதிரி இருந்தது அது. கம்பெனிக்கு வேறு நெருக்கடி. 2017இல் தீவிரவாதப் பிரசார வீடியோக்களின் பக்கத்தில் தங்கள் விளம்பரம் ஓடுவதைப் பார்த்த பெரிய விளம்பரதாரர்கள் பணத்தை நிறுத்தினார்கள். லட்சக்கணக்கான குட்டிச் சேனல்களை ஆள் வைத்துப் பரிசோதிக்க முடியாது. வரம்பை உயர்த்துவது சுலபம்.

நேரத்தைத்தான் கவனிக்கவேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை எண்ணி எண்ணிச் செலவழித்த டேட்டா திடீரென்று தண்ணீர்பட்ட பாடாயிற்று. கிராமங்களில் வீடியோ பார்க்கவும் எடுக்கவும் ஆட்கள் கிளம்பினார்கள். நம் ஊரில் அப்போதுதான் பந்தி விரித்திருந்தார்கள். இலை போடுமுன் வாசல் சாத்தப்பட்டது.

அந்த வாசலில் நிற்கும் ஒருவரைப் பற்றி இந்த வாரம்.

மன்னார்குடி பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். டெல்டாவில் அந்தத் தொழிலுக்குப் பஞ்சமில்லை. வோல்டேஜ் இறங்கி ஏறினால் போர்வெல் மோட்டார் புகையும். புகைந்தால் இவரிடம் வரும். ஊரடங்கில் பட்டறை மூடிக் கிடந்தபோது, பி.வி.சி. பைப்பில் தானே ஒரு ஸ்டாண்ட் செய்து, போனை அதில் மாட்டிச் சேனல் தொடங்கினார். காயில் எடுப்பது, பேப்பர் வைப்பது, வார்னிஷ் ஊற்றுவது என்று தெரிந்ததையெல்லாம் போட்டார்.

“மொத முந்நூறு பேரு நம்ம சொந்தக்காரங்கதான் தம்பி. லிங்க் அனுப்பிட்டு போன் பண்ணியும் சொன்னேன். பெரியப்பா மகன் ஒருத்தன் சிங்கப்பூர்ல இருக்கான், அவன் ரூம்ல உள்ள அத்தனை பேரையும் பண்ண வெச்சுட்டான்.”

“நல்லதுதானே அண்ணே?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

எல்லாச் சின்னச் சேனல்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் கருத்து நேர் எதிர். ஒரு சின்னச் சேனலுக்கு முதல் எதிரி அதன் நலம் விரும்பிகள்தாம்.

யூடியூப் 2012இலேயே எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள் என்ற கணக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முன்னால் கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ மாற்றங்கள் வந்தாலும் அடிப்படை அதுதான்: இந்த ஆளுக்கு எதைக் காட்டினால் உட்கார்ந்து பார்ப்பார்? அதைத் தெரிந்துகொள்ள, ஏற்கெனவே அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் வேறு என்னவெல்லாம் பார்க்கிறார்கள் என்று அது பார்க்கிறது. பெரிய சேனலுக்கு லட்சம் பேரின் தடயம் இருக்கும். சின்னச் சேனலுக்கு இருப்பது சில நூறு பேர். அந்தச் சில நூறு பேரில் ஒருவர் சீரியல் பார்க்கும் சித்தி, ஒருவர் பக்திப் பாடல் கேட்கும் மாமா, ஒருவர் சிங்கப்பூரில் கார் ரிவ்யூ பார்க்கும் தம்பி என்றால், ஸ்டேட்டரில் காயில் இறக்கும் வீடியோவை அடுத்து யாருக்குக் காட்டுவது? சித்தி பாசத்தில் திறந்து, லைக் போட்டு, பத்து விநாடியில் மூடிவிடுகிறார். பாசம் அந்தக் கணக்கில் ஏறாது. பத்து விநாடிதான் ஏறும்.

சரி, நாலாயிரம் மணிக்கு வருவோம். நிமிடமாக்கினால் 2,40,000. எட்டு நிமிட வீடியோவை ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் 80,000 பார்வைகள் வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், ஆயிரம் சப்ஸ்கிரைபர்களில் ஒவ்வொருவரும் வருடத்துக்கு நாலு மணி நேரம் இவர் காயில் கட்டுவதைப் பார்க்கவேண்டும். எந்தச் சித்தப்பா பார்ப்பார்?

அந்த 12 மாதம் நிற்பதும் இல்லை, தினமும் நகர்கிறது. போன வருடம் இதே தேதியில் ஓடிய மணிகள் நாளைக்குக் கணக்கில் இருக்காது. ஒரு வீடியோ நன்றாக ஓடி, அடுத்து ஆறேழு மாதம் எதுவும் ஓடாவிட்டால் எண் ஏறுவதற்குப் பதில் இறங்கும். இன்னொன்றையும் பலர் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். வீடியோவை அழித்தாலோ பிரைவேட் ஆக்கினாலோ அதன் மணிகளும் போய்விடும். கொஞ்சம் வளர்ந்ததும் தங்கள் பழைய வீடியோவைப் பார்த்துக் கூச்சப்படுவது எல்லாருக்கும் உள்ளதுதான். நம் பட்டறைக்காரர், குரல் நடுங்கிய தன் முதல் வீடியோக்களை ஒருநாள் ராத்திரி மொத்தமாக மறைத்துவிட்டார். காலையில் பார்த்தால் நானூறு மணி நேரத்துக்கு மேல் காணோம். நல்லவேளை, பிரைவேட்தான் ஆக்கியிருந்தார். திரும்பப் பொதுவில் விட்டதும் கணக்கு மெல்லத் திரும்பியது.

இந்த இரண்டு எண்களையும் குறுக்கு வழியில் எட்டித்தர ஒரு சந்தையே இயங்குகிறது. ‘நீங்க பண்ணுங்க, நானும் பண்றேன்’ என்று ஒருவருக்கொருவர் சப்ஸ்கிரைப் செய்துகொள்ளும் பேஸ்புக் குழுக்கள் ஒரு பக்கம். மணி நேரத்தையே விலை பேசி விற்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் போலிச் செயல்பாடு என்று விதியிலேயே தடுக்கப்பட்டவை. விதியை விடுங்கள். அங்கே வருகிற ஆயிரம் பேரும் ஆயிரம் சேனல்காரர்கள். மற்றவர் வீடியோவைப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்?

ஷார்ட்ஸ் கதை வேறு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. அந்த இடம் காலியான மூன்றாவது மாதமே யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகத்தில் முதன்முதலாக இந்தியாவில் இறக்கிப் பார்த்தது. நம்மவர் போட்ட ஒரு ஷார்ட்ஸ், கெபாசிட்டர் வெடிக்கும் அரை நிமிடக் காட்சி, லட்சங்களில் ஓடியது. ஒரே வாரத்தில் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பட்டறையில் லட்டு கொடுத்தார். பிறகுதான் தெரிந்தது, ஷார்ட்ஸ் வரிசையில் ஓடும் நேரம் அந்த நாலாயிரத்தில் சேராது. ஷார்ட்ஸ் மூலமாகவே உள்ளே போவதென்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். வெடியைப் பார்க்க வந்தவர்கள் அவருடைய அடுத்த நீண்ட வீடியோவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொந்தக்காரர்களின் இடத்தில் முன்பின் தெரியாத கூட்டம் வந்து உட்கார்ந்தது. பட்டறை வீடியோவுக்கு ஆள் வந்தபாடில்லை.

2023இல் ஒரு திண்ணையும் கட்டினார்கள். 500 சப்ஸ்கிரைபர், 90 நாளில் மூன்று வீடியோ, 3,000 மணி நேரம் இருந்தால் போதும். பார்ப்பவர்கள் தரும் அன்பளிப்பையும் உறுப்பினர் கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். விளம்பரப் பங்கு கிடையாது. காயில் கட்டுபவருக்கு யார் அன்பளிப்பு அனுப்புவார்கள் என்று நான் கேட்கவில்லை.

பாட்டு விவகாரம் ஒன்று இருக்கிறது. பட்டறைக்கு எதிரே டீக்கடை. அங்கே காலை முதல் எண்பதுகளின் சினிமாப் பாட்டு. வைண்டிங் போடும்போது பின்னால் ஒரு பல்லவி மெலிதாகக் கேட்டாலும் போதும், யூடியூபின் ஒப்பீட்டு இயந்திரம் அதைக் கண்டுபிடித்துவிடும். 2007இலிருந்து இயங்கும் ஏற்பாடு அது. அந்த வீடியோவில் வரக்கூடிய விளம்பரக் காசு பாட்டின் உரிமைதாரருக்குப் போகலாம். ஆட்சேபித்தால் அவர்கள் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. இதற்குப் பயந்து நம்மவர் ஒரு மாதம் வீடியோவே போடவில்லை. சேனலையே மூடிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது வேறு: ஸ்ட்ரைக் என்பது முறையான காப்புரிமைப் புகாரால் விழுவது, 90 நாளுக்குள் மூன்று விழுந்தால்தான் சேனல் போகும். இந்த உரிமைகோரல் அப்படி எண்ணப்படாது. இப்போது அவர் டீக்கடை திறக்குமுன், விடியற்காலையில் படம்பிடிக்கிறார். வெளிச்சம்தான் போதவில்லை.

சின்னச் சேனல் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் புதுக்கோட்டை மாவட்டத்தில் போய்த்தான் நிற்கும். சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2018இல், அதாவது வாசல் சாத்தப்பட்ட பிறகு, தொடங்கி, 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணை முதலில் எட்டியவர்கள் அவர்கள். ‘அவங்க ஜெயிக்கலையா?’ என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வயல் நடுவே அண்டாவில் சமைப்பதைப் பார்க்க மொழி தேவையில்லை. பிரேசிலில் இருப்பவரும் பார்க்கலாம். இதனால் அவர்கள் உழைப்பு குறைந்துவிடாது. ஆனால் ஸ்டார்ட்டிங் காயிலுக்கும் ரன்னிங் காயிலுக்கும் வித்தியாசம் சொல்கிறவருக்குத் தமிழ் புரிந்த, அதிலும் மோட்டார் தொட்ட, அதிலும் சந்தேகம் உள்ள ஆள் வேண்டும். அவர் உலகம் சின்னது. அவரை அந்த ஒரு கோடியோடு ஒப்பிடுவது அநியாயம்.

அந்தச் சின்ன உலகம் தன்னை எங்கே காட்டிக்கொண்டது என்றால், கமெண்டில். ‘சூப்பர் அண்ணா’, ‘வாழ்த்துகள் மாப்ள’ இவற்றுக்கு நடுவே, கேட்பாரற்றுச் சில கேள்விகள் மாதக்கணக்கில் கிடந்தன. ஒரு ஹெச்.பி. மோட்டாருக்கு எத்தனை சுற்று? எந்த கேஜ் கம்பி? இந்த ஸ்லாட்டுக்கு டேட்டா கிடைக்குமா? கேட்டவர்கள் ஐ.டி.ஐ. மாணவர்கள், வேறு ஊரில் தனியாகப் பட்டறை போட்ட இளைஞர்கள். இந்த டேட்டாவை வைண்டிங்காரர்கள் நோட்டில் எழுதிப் பூட்டி வைப்பது வழக்கம். குருநாதர்கூட லேசில் தரமாட்டார்.

“அதப் போட்டா தொழில் போயிடாதா அண்ணே?”

“மன்னார்குடி மோட்டாரத் தூக்கிக்கிட்டு தர்மபுரிக்கா போகப்போறான்?”

நோட்டைத் திறந்தார். ஒரு மோட்டாருக்கு ஒரு வீடியோ. இருபது, இருபத்தைந்து நிமிடம். வெட்டு இல்லை, அதிர்ச்சி முகம் வைத்த தம்ப்நெயில் இல்லை, மோட்டாரின் பெயர்ப்பலகைப் படம் மட்டும். தலைப்பைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் தட்டி முடிவில் ‘இன் தமிழ்’ என்று சேர்த்தும் போட்டார். நம் ஆட்கள் தேடுவது அப்படித்தானே. பார்வைகள் சில நூறுதான். ஆனால் பார்ப்பவர்கள் கையில் கம்பியோடு, நிறுத்தி நிறுத்தி, பின்னால் இழுத்து, முழுசாகப் பார்க்கிறார்கள். ஒரு வருடமாக அசையாத மணிக்கணக்கு ஏற ஆரம்பித்தது.

தம்ப்நெயிலில் முகம் இல்லையே என்று நான் கேட்டேன். நூறு பேர் கண்ணில் பட்டால் எத்தனை பேர் க்ளிக் செய்கிறார்கள் என்ற கணக்கில், உலகத்துச் சேனல்களில் பாதிக்கு அந்த விகிதம் 2இலிருந்து 10க்குள்தான் என்று யூடியூபே சொல்கிறது. நான்கு பேர் வந்தாலும் மோட்டாரோடு வருகிறவர்கள் வந்தால் போதும் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

இந்த மழைக்காலத்துக்குள் நாலாயிரத்தைத் தொட்டுவிடுவார் போலிருக்கிறது. தொட்டபின் விண்ணப்பம், பரிசீலனை. பெரும்பாலும் ஒரு மாதம் ஆகும். பிறகு கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். கடைத்தெருப் பெயரையும் பக்கத்துக் கோயிலையும் வைத்தே விலாசம் அறியப்படும் ஊர்களில் அந்தக் கடிதம் வந்துசேர்வது தனிக் கதை. நாலு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். அமெரிக்க வரிப் படிவமும் நிரப்பவேண்டும். வங்கிக்குப் பணம் நகர 100 டாலர் சேரவேண்டும். சில நூறு பேர் பார்க்கும் தமிழ் வீடியோக்களுக்கு அந்த நூறு எத்தனை மாதத்தில் சேரும் என்று இருவரும் போட்டுப் பார்த்தோம். போட்ட பேப்பரை அவர் கசக்கிவிட்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே லாரி சர்வீஸிலிருந்து போன். விழுப்புரத்திலிருந்து ஒரு சப்மர்சிபிள் மோட்டார் வந்து இறங்கியிருக்கிறது. வீடியோவைப் பார்த்துத் தானே கட்டிப் பார்த்து, மறுபடி எரித்துவிட்ட ஒரு பையன் அனுப்பியது. பட்டறை மூலையில் இப்படி வெளியூரிலிருந்து வந்த மோட்டார்கள் இன்னும் இரண்டு நின்றன. ஒரு மோட்டார் கட்டும் கூலியை விளம்பரத்தில் எடுக்க எத்தனை மாதம் ஆகும் என்பதைச் சற்று முன்புதான் பேப்பரில் பார்த்திருந்தோம்.

“இதையும் வீடியோவா எடுத்துடலாம் தம்பி. அவன் எங்க தப்பு பண்ணான்னு மத்தவனும் பாக்கட்டும்” என்றபடி ஸ்குரூ டிரைவரை எடுத்தார். எதிரே டீக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால், காலையில் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

(தொடரும்)