கணிப்பொறியின் வாசல்கள்

ஓர் எளிய பரிசோதனையோடு தொடங்குவோம். லினக்ஸ் இயங்கும் இரண்டு கணிப்பொறிகள் உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் பின்புறத்திலும் வலைக் கம்பி செருகுவதற்கான சதுரத் துளை ஒன்று உண்டு. எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள் அடங்கிய வடம் ஒன்றை எடுத்து, ஒரு நுனியை இதிலும் மறு நுனியை அதிலும் செருகுகிறோம். துளையின் ஓரத்தில் பச்சை விளக்கு கண் சிமிட்டுகிறது. இனி இவை இரண்டும் பேசிக்கொள்ளுமா?

பேசா. இரண்டு வீடுகளுக்கு நடுவே சாலை போட்டுவிட்டோம். ஆனால் எந்த வீட்டுக்கும் கதவு எண் எழுதவில்லை. தபால்காரர் எங்கே போவார்? கம்பியைச் செருகுவது பாதி வேலை. மீதிப் பாதியைக் கணிப்பொறிக்குள் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

1991-ஆம் ஆண்டில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது 21-ஆம் வயதில் எழுதத் தொடங்கியது லினக்ஸ். அதன் உள்ளமைப்பை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் லினக்ஸ் வகைதான்; டெபியன் என்னும் லினக்ஸ் குடும்பத்தின் வழி வந்தது அது.

வாசலும் அதன் பெயரும்

செய்திகள் கணிப்பொறிக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் உள்ள வழியை 'இன்டர்ஃபேஸ்' என்பார்கள். நாம் வாசல் என்றே சொல்வோம். கம்பி வழி வாசல் ஒன்று, கம்பியில்லா வைஃபை வாசல் ஒன்று என ஒரே கணிப்பொறிக்குப் பல வாசல்கள் இருக்கலாம். உங்கள் கணிப்பொறியின் வாசல்களைக் காண, திரையில் 'ஐபி அட்ரஸ்' என்ற ஆணையைக் கொடுங்கள். (இந்தக் கட்டுரையில் ஆணைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.) பழைய புத்தகங்களில் 'ஐஎஃப்கான்ஃபிக்' என்ற ஆணையைக் காண்பீர்கள். அது 1983-இல் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வெளியீட்டுடன் வந்தது. இப்போதைய லினக்ஸ்களில் பலவற்றில் அது தானாக அமைந்து வருவதில்லை. 'ஐபி' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பட்டியலில் முதலாவதாக 'லோ' என்று ஒன்று நிற்கும். இது விந்தையான வாசல். இதற்குக் கம்பியும் இல்லை, கார்டும் இல்லை. இதன் வழியே வெளியே போகும் செய்தி அப்படியே திரும்பி உள்ளே வந்துவிடும்! கணிப்பொறி தனக்குத்தானே பேசிக்கொள்வதற்காக இந்த ஏற்பாடு. ஒரே கணிப்பொறிக்குள் இயங்கும் இரண்டு நிரல்கள் கடிதம் எழுதிக்கொள்ள இது வேண்டும். இதன் முகவரி 127.0.0.1. தனக்குத்தானே பேசுவதற்கென்று 127-இல் தொடங்கும் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை ஒதுக்கிவிட்டார்கள். முகவரிப் பஞ்சம் வரும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது 'ஈத்0' என்றோ, 'ஈஎன்பி3எஸ்0' என்பது போலவோ இருக்கும். முதல் பெயர் ஈதர்நெட் என்பதன் சுருக்கம். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1973-இல் ராபர்ட் மெட்காஃப் வைத்த பெயர் அது. ஒளி பயணம் செய்ய வான்வெளி எங்கும் 'ஈதர்' என்ற பொருள் நிறைந்திருப்பதாக ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் நம்பினார்கள் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இயற்பியல் கைவிட்ட ஈதர் உங்கள் கணிப்பொறியின் முதுகில் இன்னும் பெயரளவில் உயிர் வாழ்கிறது.

இரண்டாவது பெயர் ஏன் அத்தனை கோணலாக இருக்கிறது? காரணம் உண்டு. ஒரு கணிப்பொறியில் இரண்டு வலைக் கார்டுகள் இருந்தால், முதலில் கண்ணில் பட்டதை ஈத்0 என்றும், அடுத்ததை ஈத்1 என்றும் லினக்ஸ் அழைத்து வந்தது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எது முதலில் கண்ணில் படும் என்பது நிச்சயமில்லை. நேற்றைய ஈத்0 இன்று ஈத்1 ஆகிவிடலாம். ஒரு வாசல் ஊருக்கும், மறு வாசல் அலுவலகத்தின் உள்ளறைக்கும் என்று இருக்கும் ஓரிடத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும்? தெருவாசலுக்குப் போட்ட பூட்டு பூஜையறையில் தொங்கும். தெருவாசல் திறந்து கிடக்கும்! ஆகவே 2013 முதல் கார்டு பொருத்தப்பட்டிருக்கும் இடத்தைக் கொண்டே பெயரிடும் முறை வந்தது. 'ஈஎன்' என்றால் ஈதர்நெட். 'பி3' என்றால் மூன்றாம் எண் தடம். 'எஸ்0' என்றால் அதில் பூஜ்யம் எண் செருகிடம். கார்டை இடம் மாற்றாத வரை பெயர் மாறாது. சொல்லச் சிரமமாக இருந்தாலும் நல்ல ஏற்பாடுதான். இந்தக் கட்டுரையில் மட்டும் வசதிக்காக ஈத்0 என்றே எழுதுகிறேன்.

பெயருக்கு அருகில் இரண்டிரண்டு எழுத்துகளாக ஆறு ஜோடிகள் தெரியும். பூஜ்யம் முதல் 9 வரையிலான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்த எண் அது. 48 பிட் நீளமுள்ள இதனை 'மேக்' முகவரி என்பர். தொழிற்சாலையிலேயே கார்டில் பதிக்கப்படும் பிறவி மச்சம் எனலாம். முதல் மூன்று ஜோடிகளைப் பார்த்து, தயாரித்த நிறுவனம் எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அதே வரியில் 'அப்', 'லோயர் அப்' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். முதலாவது, வாசலைத் திறந்துவை என்று நாம் சொல்லியிருக்கிறோம் என்பதைக் குறிக்கும். இரண்டாவது, கம்பியின் மறு முனையில் உண்மையாகவே மின் குறிப்பு கிடைக்கிறது என்பதைக் குறிக்கும். முதலாவது இருந்து, 'நோ கேரியர்' என்றும் இருந்தால் கம்பியைப் பாருங்கள். கழன்றிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். மென்பொருளை நோண்டிப் பயனில்லை.

கதவு எண்ணும் தெருவும்

மச்சத்தை வைத்துக்கொண்டு ஒருவரை ஊருக்குள் தேட முடியாது அல்லவா? எந்தத் தெரு, எத்தனையாம் வீடு என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் ஐ.பி. முகவரி. நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் 32 பிட்டுகள். இப்படி 429 கோடியே 49 லட்சம் முகவரிகள் எழுதலாம். உலக மக்கள் தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. பற்றாக்குறை உங்களுக்கே புரியும். 192.168 என்று தொடங்குபவை யாரும் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய முகவரிகள். நம் பரிசோதனைக்கு அவையே போதும்.

முதல் கணிப்பொறியில் இப்படி அடியுங்கள்: ஐபி அட்ரஸ் ஆட் 192.168.1.10/24 டெவ் ஈத்0. பிறகு: ஐபி லிங்க் செட் ஈத்0 அப். முதல் ஆணை கதவு எண்ணை எழுதுகிறது. இரண்டாவது கதவைத் திறக்கிறது. இவை நிர்வாகிக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட செயல்கள் ஆகையால், முன்னால் 'சூடூ' என்ற சொல்லைச் சேர்த்துக் கடவுச்சொல்லும் தர வேண்டியிருக்கும். இரண்டாம் கணிப்பொறிக்கு 192.168.1.200/24 என்று கொடுங்கள்.

கடைசியில் உள்ள 24 என்ன? முகவரியின் 32 பிட்டுகளில் முதல் 24 பிட்டுகள் தெருவின் பெயர்; மீதி 8 பிட்டுகள் வீட்டு எண் என்பதே அதன் பொருள். எட்டு பிட்டுகளில் 256 எண்கள் எழுதலாம். தெருவையே குறிக்கும் 0, தெருவில் உள்ள எல்லோரையும் ஒருசேர அழைக்கும் 255 ஆகிய இரண்டையும் கழித்தால் 254 வீடுகள்.

இந்தச் சிறு எண்ணில் பிழை செய்தால் விளைவு வேடிக்கையானது. இரண்டாம் கணிப்பொறியில் 24-க்குப் பதிலாகக் கை தவறி 25 என்று அடித்துவிட்டீர்கள் என்று கொள்வோம். இப்போது கடைசி எண்ணின் முதல் பிட்டும் தெருப் பெயரில் சேர்ந்துவிடுகிறது. 200-ஐ இரும எண்ணாக எழுதினால் 11001000. அதன் முதல் பிட் 1. 10-ஐ எழுதினால் 00001010. அதன் முதல் பிட் 0. ஆகவே இரண்டாம் கணிப்பொறியின் கணக்குப்படி 10-ஆம் எண் வீடு வேறு தெரு! முதல் கணிப்பொறியோ இருவரும் ஒரே தெரு என்றே நம்புகிறது. அது கடிதம் அனுப்பும்; பதில் வராது. பதில் எழுத வேண்டியவருக்கு வழி தெரியவில்லை. கம்பி நன்றாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, முகவரிகள் சரி, ஆனால் பேச்சில்லை. இந்த ஒரு பிட் பிழையைத் தேடி மணிக்கணக்கில் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகியவர்களை எனக்குத் தெரியும். ஒரு முறை அவர்களில் நானும் இருந்தேன்.

எல்லாம் சரிதானா என்று அறிய 'பிங் 192.168.1.200' என்று கேளுங்கள். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக் கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், அங்கே வலையமைப்பு சரியாக வேலை செய்யாததன் காரணத்தை அறிய எழுதிய நிரல் இது. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் அல்லவா? அந்த ஒலியின் பெயரையே நிரலுக்கு வைத்தார். பதில் வந்தால், போய் வர ஆன நேரத்தையும் அது காட்டும். ஒரே கம்பியில் இணைந்த இரண்டுக்கு இது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

பிங் செய்தவுடன் 'ஐபி நெய்பர்' என்று அடித்துப் பாருங்கள். 192.168.1.200-க்கு எதிரே இரண்டாம் கணிப்பொறியின் பிறவி மச்சம் இருக்கும். அதை யார் சொன்னது? கடிதத்தை அனுப்புமுன் உங்கள் கணிப்பொறி, "192.168.1.200 யாரப்பா?" என்று தெரு முழுதும் கேட்கக் கூவியிருக்கிறது, அதுவும், "நான்தான்" என்று மச்சத்தைக் காட்டியிருக்கிறது. 1982-இல் வகுக்கப்பட்ட இந்த வழக்கத்துக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர்.

தெருவைத் தாண்டி உலகுக்குப் போக வேண்டுமானால் தெருமுனையில் ஒரு வழிகாட்டி வேண்டும். அவர்தான் ரௌட்டர். 'ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.168.1.1' என்றால், தெரியாத ஊருக்கான கடிதங்களை எல்லாம் அவரிடம் கொடு என்று பொருள்.

வீட்டில் இதையெல்லாம் நாம் செய்வதில்லையே என்று கேட்பீர்கள். அங்கே டி.எச்.சி.பி. என்ற ஏற்பாடு, கேட்பவருக்கு முகவரி கொடுக்கிறது. இலவசமாக அன்று, குறித்த காலத்துக்குக் குத்தகைக்கு. காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும்.

மறதி

இப்போது ஒரு கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். நீங்கள் எழுதிய கதவு எண்ணைக் காணோம்! 'ஐபி' ஆணை எழுதுவது கரும்பலகையில். மின்சாரம் போனால் அழிந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமானால் கோப்பில் எழுத வேண்டும். டெபியன் வகைகளில் 'ஈடிசி' அடைவுக்குள் 'நெட்வொர்க்', அதற்குள் 'இன்டர்ஃபேசஸ்' என்ற கோப்பு இதற்கானது. 2004-இல் வந்த 'நெட்வொர்க் மேனேஜர்' என்ற நிரலிடம் ஒப்படைத்துவிடும் முறையும் உண்டு. ஏதாவது ஒன்றிடம் விடுங்கள். ஒரே வாசலை இரண்டிடமும் ஒப்படைத்தால் ஒரே உறையில் இரண்டு வாள் கதைதான்.

இந்த மறதி தொல்லை என்றே வெகு நாள் எண்ணியிருந்தேன். ஓர் இரவு அந்த எண்ணம் மாறியது. வளாகத்தின் மறு கோடியில் இருந்த கணிப்பொறி ஒன்றை என் அறையிலிருந்தே வலைவழி இயக்கி, அதன் முகவரியை மாற்றிக்கொண்டிருந்தேன். புதியதைச் சேர்க்குமுன் பழையதை நீக்கிவிட்டேன். திரை உறைந்து போயிற்று. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டியிருக்கிறேன்! அந்தக் கணிப்பொறியோடு நான் பேசிய ஒரே வாசல் அதுதான். மழையில் நனைந்து, காவலாளியை எழுப்பிச் சாவி வாங்கி, நேரில் போய் அதை நிறுத்தி இயக்கினேன். கோப்பில் இருந்த பழைய முகவரியுடன் அது சாதுவாக எழுந்து நின்றது.

அன்று முதல் தொலைவிலுள்ள கணிப்பொறியின் வாசலில் கை வைக்குமுன் 'ஷட்டவுன் -ஆர் +5' என்ற ஆணையை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஐந்து நிமிடத்தில் தானே மீண்டும் இயங்கு என்று பொருள். பிறகு மாற்றத்தைச் செய்கிறேன். எல்லாம் நன்றாக இருந்தால் 'ஷட்டவுன் -சி' என்று சொல்லி அதை ரத்து செய்துவிட்டு, புதிய முகவரியைக் கோப்பில் எழுதுகிறேன். தவறு நேர்ந்தால் எழுந்து போக வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தால் அது தானாகவே என் தவற்றை மறந்துவிடும். உபுண்டு லினக்ஸில் 'நெட்பிளான் ட்ரை' என்ற ஆணை இதையே செய்கிறது. 120 விநாடிக்குள் நீங்கள் 'சரி' என்று விசையை அழுத்தாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.